ஒன்றைப் போல் ஆயிரம் – தொழில் மேதை ஜி. டி. நாயுடு

ஆண்ட மன்னர் வரலாறும் அருந்தமிழ்ப் புலவர் வரலாறும் பள்ளிப் பருவம் முதலே நமக்குப் பாடமாக வந்துள்ளன. இரும்பைக் கடைந்தும், செம்புக் கம்பியைச் சுற்றியும், அரத்தால் இராவியும் கை காய்த்துப் போனவர்களின் வரலாறு அவ்வளவாக வந்ததில்லை. அப்படிக் கை காய்த்தவர்களுள் தலையாயவர் கோவை ஜி. டி. நாயுடு அவர்கள். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பெற்ற பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பாலத்தின்மேல் விரைந்து செல்வோர் அனைவருக்கும் அவர் பெயர் தெரியும். அவர் எதற்காக உழைத்தார், எங்கே தடைப்பட்டார் என்பது தெரிந்தவர் சிலரே.

இக்கட்டுரையை எழுத எனக்குத் தனிக் காரணமும் ஒன்று உண்டு. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர் என் ஊர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்று, லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை கற்றவர். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய பின்னும் புஷ்ஷும் கடைந்துதான் என்னைப் படிக்க வைக்கிறார். ஏட்டுப் படிப்பில்லாத ஒரு கை எவ்வளவு தூரம் போகும், எங்கே போய் நிற்கும், நின்ற இடத்திலிருந்து மேலே ஏற அதற்கு என்ன துணை வேண்டும் என்பவை எனக்கு ஏட்டுக் கேள்விகள் அல்ல, வீட்டுக் கேள்விகள். அவற்றுக்கு விடை தேடியபோதுதான் நாயுடுவின் வாழ்க்கை என் கவனத்துக்கு வந்தது.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. பெற்றோர் இட்ட பெயர் துரைசாமி. தந்தை பெயரும் தன் பெயரும் ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்துகளே ஜி. டி. என்று நிலைத்தன. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுபோயிற்று.

ஒருநாள் ஊர்ப்பக்கம் ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞர் துரைசாமிக்கு அன்று முதல் வேறு நினைவில்லை. அதைப் போன்ற வண்டியொன்றை வாங்கியே தீர்வது என்று கோவைக்கு நடந்தார். உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். வண்டியை வாங்கியதும் ஊர் சுற்றிப் பெருமை தேடிக்கொள்ளவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார், திரும்பப் பூட்டினார். அவர் படித்த கல்லூரி அந்த மோட்டார் சைக்கிளே எனலாம்.

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று பருத்தி வாணிகத்தில் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். விழுந்த இடத்திலேயே கிடக்கும் இயல்பு அவருக்கு இல்லை. கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்சின் துணையோடு பேருந்து ஒன்றை வாங்கி, 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியே பின்னர் யு. எம். எஸ். என்ற பெரு நிறுவனமாக வளர்ந்தது. யு. எம். எஸ். வண்டிகள் காலந்தவறாமைக்குப் பெயர்பெற்றன.

அக்காலத்தில் மோட்டார் வண்டியின் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. ஓர் அச்சு முறிந்தால், ஒரு பற்சக்கரம் தேய்ந்தால், கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். பேருந்துத் தொழில் நடத்துகிறவர் பட்டறை நடத்தாமல் இருக்க முடியாது என்பதே அன்றைய நிலை. நாயுடுவின் தொழிற்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியதை இந்தத் தேவையோடு சேர்த்தே எண்ண வேண்டும். ரேடியேட்டர், ஆர்மேச்சர் சுற்றுதல், வானொலி, கடிகாரம் என்று அவர் முன்னின்று தொடங்கிய தொழில்கள் பலவாயின.

மோட்டார் பிறந்த கதை

1930-களில் கொங்கு நாட்டின் முகத்தை மாற்றியது மின்சாரம். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கும் மின்சாரம் பிறந்தது. மின்கம்பி ஊருக்குள் வந்துவிட்டால் அடுத்து வேண்டியது மோட்டார். நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. பாறையை வெட்டித் தோண்டியவை. எங்கள் அப்பாரு காலத்தில் விடியுமுன் எழுந்து, இரண்டு காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துத்தான் அரை ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். பம்பு செட்டு வந்த பிறகுதான் காளைகளுக்கும் ஆட்களுக்கும் ஓய்வு கிடைத்தது.

மோட்டாரை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நாமே செய்யலாம் என்று துணிந்தவர் நாயுடு. 1937-ஆம் ஆண்டில், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து, பீளமேட்டிலிருந்த தம் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில் மின்மோட்டாரைச் செய்து முடித்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. அந்த வெற்றி தந்த ஊக்கத்தால் பாலசுந்தரம் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மோட்டாருக்கும் பம்புக்கும் நாடெங்கும் கோவையின் பெயர் விளங்கக் காரணமான விதை அன்று ஊன்றப்பட்டது.

மோட்டார் செய்வது அவ்வளவு கடினமா என்று கலைப்பிரிவு நண்பர்கள் கேட்கக்கூடும். மோட்டாரில் அசையாமல் நிற்கும் பகுதி ஸ்டேட்டர்; அதனுள்ளே சுழலும் பகுதி ரோட்டார். இரண்டுக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி சிறிய மோட்டார்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இடைவெளி கூடினால் காந்த விசை வீணாகும். மோட்டார் மின்சாரத்தைக் குடிக்கும். குறைந்தால் ரோட்டார் ஸ்டேட்டரில் உரசும். ஆகவே நடுத்தண்டு கோணாமல் இருக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடம் கச்சிதமாக வேண்டும். இரு பக்க மூடிகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இவை அனைத்தும் லேத்தில் பிறக்கின்ற துல்லியங்கள்.

கைதேர்ந்த ஒருவர் அரத்தால் இராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் இராவி, ஒரு மோட்டாரைச் செய்துவிடலாம். அந்த மோட்டார் ராசிபுரத்தில் ஓர் உழவர் கிணற்றில் ஓடி, சில ஆண்டு கழித்துப் பேரிங் தேய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய புதுப் பேரிங் இராவாமல், தட்டாமல், நேரே போய் உட்கார வேண்டாமா? உட்கார வேண்டுமென்றால் எல்லாத் தண்டுகளும் ஒரே அளவாகக் கடையப்பட்டிருக்க வேண்டும். ஒரு பொருளைச் செய்வது ஒரு வித்தை. ஒன்றைப் போல் ஆயிரம் செய்வது முற்றிலும் வேறொரு வித்தை. நாயுடுவின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டாம் வித்தையின் வாசலில் நடந்த போராட்டம் என்பதே என் கருத்து.

அளவின் கதை

என் அப்பத்தாவின் தோட்டுத் திருகாணிகளில் ஒரு வழக்கம் உண்டு. வலக் காதின் திருகாணி இடத் தோட்டில் ஏறாது. பழைய பத்தர் கையால் இழை வெட்டிச் செய்தவை அவை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் துணைதான் சேரும். நகைக்கு அது போதும். இயந்திரத்துக்குப் போதாது.

நூல் பிசகாமல் செய்தான் என்று தமிழில் புகழ்கிறோம். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது மூன்று மில்லிமீட்டருக்கும் சற்று மேல். நிலைப்படிக்கும் கதவுக்கும் நூல் பிசகாமை சிறந்த அளவே. லேத்துப் பட்டறையிலோ ஒரு நூல் என்பது மலை. அங்கே ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து, அதில் ஒன்றிரண்டு பங்கு பிசகினாலும் பொருள் திரும்பி வந்துவிடும். நாம் இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டில் கையாளும் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அந்த அளவில்தான் பட்டறையின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன.

மேலைநாட்டில் இவ்வித்தைக்கு வழிகாட்டியவர் ஹென்றி மாட்ஸ்லி. 1771-இல் இங்கிலாந்தில் பிறந்த இவரும் கல்லூரி கண்டவரல்லர். பன்னிரண்டு வயதில் வெடிமருந்துத் தோட்டா நிரப்பும் வேலைக்குப் போனவர். ஒரே சீரான இழையை வெட்டும் லேத்தை 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். அங்குலத்துக்கு நூறு புரி கொண்ட திருகையும், நூறு பிரிவு கொண்ட சக்கரத்தையும் இணைத்து, அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் அளவி ஒன்றும் செய்தார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில், மார்க் புரூனல் வகுத்த திட்டப்படி, கப்பல் கப்பிகள் செய்யும் 45 பொறிகளை அவர் அமைத்துக் கொடுத்தார். 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். ஆண்டுக்கு ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கப்பிகள் வெளிவந்தன. அவரிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகாணி இழைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1873-இல், தானே ஓடித் தானே திருகாணி கடையும் லேத்துக்குக் காப்புரிமை பெற்றார். கடிகாரத்துக்கு வேண்டிய மயிரிழைத் திருகாணிகளுக்காகச் சுவிட்சர்லாந்தில் வேறுவகைத் தானியங்கி லேத்துகள் எழுந்தன. இன்று கணிப்பொறி கட்டளையிட ஓடும் சி.என்.சி. லேத்துகள் இவற்றின் பேரப்பிள்ளைகளே.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. 1982-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையில், 1993-ஆம் ஆண்டு நாணய வில்லைகள் வெட்டும் பிரிவு சேர்க்கப்பட்டது. துருவேறா எஃகுத் தகட்டிலிருந்து வெட்டப்படும் வில்லை ஒவ்வொன்றும் ஒரே விட்டம், ஒரே தடிப்பு, ஒரே எடை கொண்டிருந்தால்தான் அது நாணயமாகும்.

ஆயிரமாவது பொருள் முதற்பொருளைப் போல் இராமற் போவதற்குக் காரணம் என்ன? ஒன்று, வெட்டும் உளி தேய்கிறது. உளி தேயத் தேய, கடையும் தண்டு பருத்துக்கொண்டே போகிறது. மற்றொன்று, வெப்பம். நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். காலை ஏழு மணிச் சேலத்துக்கும் பிற்பகல் மூன்று மணிச் சேலத்துக்கும் அந்தப் பத்து டிகிரி வேறுபாடு உண்டு. உலகெங்கும் துல்லிய அளவுகளை 20 டிகிரி வெப்பநிலைக்கு என்று வரையறுத்திருப்பது இதனாலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம், என் தந்தையார் வேலை பார்த்த ஒரு பட்டறையிலிருந்து அனுப்பிய ஐந்நூறு பின்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. ஆள் மாறவில்லை, கையும் மாறவில்லை. கடைந்த சூடு ஆறுமுன் அளந்து அனுப்புவதே அந்தப் பட்டறையின் நடைமுறை. வேகம்தான் அங்கே கணக்கு. 25 மில்லிமீட்டர்ப் பின் நாற்பது டிகிரி ஆறினால் அதன் விட்டம் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும் என்பதை அங்கே சொல்லித் தருவார் இல்லை. நட்டத்தில் ஒரு பங்கு தொழிலாளர்களின் வாரக்கூலியில் பிடிக்கப்பட்டது. புதுத்துணி பொங்கலுக்குத் தள்ளிப்போயிற்று. முதலாண்டில் விரிவுக் குணகம் பற்றிய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஐந்நூறு பின்களே என் நினைவில் நின்றன. தந்தையாரின் கைத்திறனுக்குக் குறையில்லை; அந்தக் கைக்கும் இந்தப் பாடத்துக்கும் இடையே பாலம் இல்லை.

சவரக் கத்தியும் சட்டமும்

நாயுடுவுக்கு மீண்டும் வருவோம். மேலைநாடுகளுக்குப் பயணம் செய்த அவர், அங்கிருந்த தொழிற்சாலைகளைக் கண்டார். ரேசண்ட் என்னும் மின்சவரக் கத்தியை உருவாக்கினார். உலர் மின்கலத்தால் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அதனுள் இருந்தது. அந்த மோட்டார் செருமனியின் ஹைல்பிரான் நகரில் செய்யப்பட்டது. கருத்து கோவையில் பிறந்தது. அக்கருத்துக்கு உடல் கொடுக்கும் நுண்பாகங்கள் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தி போதும், அன்றைய நம் நிலையை விளக்க.

மிக மெல்லிய சவரப் பிளேடுகளையும் அவர் செய்து காட்டினார். பிளேடு அற்பப் பொருளன்று. சாதாரணப் பிளேடின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய எஃகைக் காய்ச்சித் தோய்த்தால் அது வளையும், நெளியும். அமெரிக்காவில் கிங் ஜில்லெட்டுக்கு இந்தக் கருத்துத் தோன்றிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே, வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் எஃகுத் தகட்டை நெளியாமல் கடினமாக்கவும் தீட்டவும் இயந்திரங்கள் அமைத்தார். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் ஜில்லெட் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளுமே. பிறகே அவை உலகெங்கும் பரவின. ஜில்லெட்டுக்கு ஒரு நிக்கர்சன் வாய்த்தார். முதலீடு செய்வோர் வாய்த்தனர். பரந்த சந்தையும் வாய்த்தது. நாயுடுவுக்கோ கண்டுபிடிப்பவரும் அவரே, பட்டறைக்காரரும் அவரே, முதலாளியும் அவரே.

அவருடைய முயற்சிகளை அடுக்கினால் வியப்பே மேலிடும். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி, திரைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு ஆகியவை அவற்றுட் சில. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய். அரசு உரிமம் தர மறுத்ததால் அந்தக் காரின் உற்பத்தி நின்றது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை இன்றைய மாணவர் அறிய வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1952-இல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட பெருந்தொழில்களில் எதைச் செய்வது, எத்தனை செய்வது என்பதற்கெல்லாம் தில்லியின் உரிமம் வேண்டும். அதே காலத்தில், 1953-இல், அரசே சுவிஸ் நிறுவனம் ஒன்றன் துணையோடு பெங்களூரில் ஹெச். எம். டி. என்னும் இயந்திரக் கருவித் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1961 முதல் ஜப்பானியர் துணையோடு கைக்கடிகாரங்களும் செய்தது. பல இலட்சம் மணிக்கட்டுகளை அணிசெய்த அந்தக் கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்டுவிட்டது. ஒன்றைப் போல் ஆயிரம் செய்யும் வித்தை நாட்டுக்கு வேண்டும் என்பதை அரசு அறிந்திருந்தது. தனியொருவருக்கு அவ்வாய்ப்பைத் தருவதில்தான் தயக்கம் இருந்தது. வரி தொடர்பாகவும் நாயுடு அரசோடு சச்சரவிட்டது ஊரறிந்த செய்தி.

குற்றம் முழுவதையும் அரசின்மேல் ஏற்றிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. நாயுடுவின் மனம் ஒன்றில் நிலைத்து நிற்கும் இயல்புடையதன்று. மோட்டாரிலிருந்து சவரக் கத்திக்கு, அதிலிருந்து வானொலிக்கு, அதிலிருந்து பருத்திச் செடிக்கும் பப்பாளிக்கும் என்று தாவிக்கொண்டே இருந்தார். காலை தொடங்கி மாலைக்குள் ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார். கண்டுபிடிப்பவருக்கு இந்த வேட்கை வேண்டும். ஒன்றைப் போல் ஆயிரம் செய்பவருக்கோ, ஒரே பொருளைப் பத்தாண்டு சலிக்காமல் அளந்துகொண்டிருக்கும் பொறுமை வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தில் அமைவது அரிது. பாலசுந்தரத்தைப் போன்றவர்கள் ஒரு துறையைப் பற்றிக்கொண்டு நின்றதால் அங்கே தொழில் வேரூன்றியது.

1991-இல் உரிம முறை பெரும்பாலும் நீக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுகளில், சென்னைப் பாடியில் பிறந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை இலட்சக்கணக்கில் செய்து அனுப்பியது. ரேடியேட்டர் மூடி உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள்தான். கடல் கடந்து சென்று, கண்ணால் காணாத வண்டியில், இராவாமல் தட்டாமல் பொருந்த வேண்டும். தமிழர் கையால் அது கைகூடியதை நாயுடு இருந்து பார்க்கவில்லை.

கல்விக்கூடம் அமைத்த கல்லாதவர்

1944-இன் இறுதியில் அவர் பேருந்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, பள்ளிப் படிப்பை முடிக்காத அவரது கொடையாலும் முயற்சியாலும் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றியது. அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அது வழங்கிற்று. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று தடாகம் சாலையில் விளங்குவது அதுவே. அவரே அதன் முதல்வராகவும் இருந்தார்.

பொறியியல் கற்க நான்காண்டு தேவையில்லை, இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. மாணவன் கரும்பலகையைப் பார்ப்பதைவிட இயந்திரத்தைத் தொடுவதே முதன்மை என்று கருதினார். ஆட்சியாளர் ஏற்கவில்லை. நாயுடு பதவியைத் துறந்தார்.

யார் பக்கம் நியாயம்? என் தந்தையார் லேத்தின் எல்லா வேலையும் கற்க மூன்றாண்டு ஆயிற்று. பள்ளி முறையில் சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டாண்டில் கற்றிருப்பார். அவ்வளவில் நாயுடு சொன்னது சரியே. ஆனால் சூடான பின் ஏன் சுருங்குகிறது, எந்த எஃகுக்கு எந்த உளி, எத்தனை பொருளுக்கு ஒருமுறை அளந்தால் பிழை தப்பாது என்பவற்றுக்கு வெப்பவியலும் உலோகவியலும் புள்ளியியலும் வேண்டும். அவை இரண்டாண்டில் அடங்குமா என்பது எனக்கு ஐயமே. நாயுடுவின் கொள்கையில் பாதி உண்மை. ஆட்சியாளர் கொள்கையில் பாதி உண்மை. இரு பாதிகளும் ஒன்று சேராமற் போனதே நமக்கு நேர்ந்த இழப்பு.

தம் கடைசிக் காலம் வரை தொழிற்பயிற்சியிலும் பொருட்காட்சியிலும் ஈடுபட்டிருந்த அவர், 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார். அவர் செய்த கார் சாலையில் ஓடவில்லை. அவருடைய பிளேடு ஜில்லெட்டை வெல்லவில்லை. அவர் தொடங்கிய கல்லூரியோ ஆண்டுதோறும் பொறியாளர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒன்றைப் போல் ஆயிரம் என்ற வித்தையில் அவர் முழுமையாக வென்ற இடம் அதுதான்.

நாம் செய்யத்தக்கது

பெரியோரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியப் பெருமக்களிடமும் உடன் பயிலும் நண்பர்களிடமும் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

இயற்பியல் பயிலும் நாங்கள் மூன்றாண்டில் ஒருமுறைகூட லேத்தைத் தொடாமல் பட்டம் பெற்றுவிட முடியும். ஆண்டுக்கு ஒரு வாரமேனும் அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலோ பட்டறையிலோ நின்று ஒரு புஷ்ஷையாவது கடைந்து பார்க்கத் துறை வழிசெய்ய வேண்டும். திருகு அளவியில் எடுத்த அளவு எதற்கு உதவுகிறது என்பது அங்கேதான் விளங்கும்.

அதுபோல, விடுமுறை நாளொன்றில் சுற்றுவட்டாரப் பட்டறைத் தொழிலாளர்களை நம் ஆய்வகத்துக்கு அழைக்க வேண்டும். அளவிகளைச் சரிபார்ப்பது எப்படி, வெப்பத்தால் அளவு எப்படி மாறுகிறது, போகும் முனை போகாத முனை கொண்ட கேஜால் நொடியில் பொருளைத் தேர்வது எப்படி என்று அவர்களுக்குத் தமிழிலேயே செய்து காட்டலாம். செலவு மிகுதியில்லை, அளவிகள் அலமாரியில் இருக்கின்றன. வருவோரில் ஒருவராக என் தந்தையார் முன்வரிசையில் இருப்பார் என்பதற்கு நான் உறுதி.

கைக்கும் ஏட்டுக்கும் இடையே பாலம் அமைக்க நாயுடு ஒரு கல்லூரியையே கட்டினார். நம்மால் ஒரு வாரத்தையும் ஒரு விடுமுறை நாளையும் தர இயலாதா?

வாழ்க ஜி. டி. நாயுடு புகழ்! வளர்க கொங்கு நாட்டுத் தொழில்!